மீன் தொட்டிக்கு ட்ரிப்ஸ் ஏறுகிறது

கால்நடை மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில், பத்து நாள் முன்பு வாங்கிய நாய்க்குட்டி. ட்ரிப்ஸ் ஏறுகிறது. காலையிலிருந்து ரத்தமாகப் போகிறது.

டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. "குட்டி பொறந்து எத்தன நாளாச்சும்மா? மொதல் ஊசி போட்டாங்களா?"

கடைக்காரருக்குத்தான் தெரியும். குட்டியைக் கூட வந்த என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்துப் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் அந்தக் கடைக்கு ஓடினேன்.

"நாயா? நாங்க மீனு மட்டும்தாம்மா விக்கறோம். பில்ல பாரு, மீன் தொட்டினு போட்டுக்குது" என்றார் கடைக்காரர்.

போட்டிருந்தது. பதிவு இல்லாத கடை நாய்க்குட்டி விற்கக் கூடாது என்று சட்டம். அதனால் அன்று அவரே அப்படி எழுதி, குட்டியைப் புடவை அட்டைப்பெட்டியில் வைத்துப் பின்வாசல் வழியாகக் கொடுத்தார். நானும் பெரிய கெட்டிக்காரி போலச் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

"அண்ணே, யார்கிட்டயும் புகார் சொல்ல மாட்டேன். வயச மட்டும் சொல்லுங்க, செத்துடும்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"மீன் தொட்டிக்கு ஏதும்மா வயசு?" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவருக்கு மீன் தீனி எடுக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்துவிட்டேன். குட்டி கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறது. தலையைத் தூக்க முடியவில்லை.

அந்தக் கடையில் மீன் தொட்டி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே சொல்லுங்கள். ஊசி போட்டிருந்தார்களா? உங்கள் மீன் தொட்டி இன்னும் வாலாட்டுகிறதா?