ரியாக்டரைக் குளிப்பாட்டிய ஆயுத பூஜை

1. மேனேஜருக்குப் பிடிக்காத பாசி

எண்பதுகளின் கடைசியில், திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பீனால் ரெசின் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். முதல் நாளே மேனேஜர் என்னைக் கழிவுநீர் பிளான்ட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே நின்ற உயரமான டவரைக் காட்டி, "இது ஃப்ளூயிடைஸ்ட் பெட் பயோரியாக்டர். ஃபாரின் டெக்னாலஜி" என்றார். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்" என்றார். அவருக்குத் தெரிந்த டெக்னாலஜி அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொன்னவர் பம்ப் ஆபரேட்டர் காதர் பாய். பூந்தமல்லிக்காரர், என்னைவிட நாலைந்து வயது பெரியவர். டவரில் பதித்திருந்த கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார்.

"மணலு மெதந்துகினே கீது பாரும்மா. கீய இருந்து பம்பு தண்ணியத் தள்ளிக்கினே இருக்கணும். மணலு மேல வழவழன்னு ஒட்டிகினு கீதே, அதான் பூச்சி. அதுக்குப் பீனாலுதான் சோறு. தண்ணி நின்னா மணலு உக்காந்துடும், பூச்சிக்கு மூச்சு போய்டும்."

பாக்டீரியாவைத்தான் பூச்சி என்றார். என் பாடப் புத்தகம் இதையே நாற்பது பக்கத்துக்கு இழுத்திருந்தது.

மேனேஜர் கண்ணுக்கோ அது வெறும் பாசி. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த அசிங்கத்தைக் கொஞ்சம் க்ளீன் பண்ணக் கூடாதா?" என்பார். கழிவுநீரில் வரும் பீனால் விஷத்தைத் தின்று தீர்க்கும் அந்த அசிங்கம்தான் அவருடைய ரெசினுக்குக் காவல் என்பது அவர் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை.

2. பூஜைக்கு முதல் நாள்

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதலாளி குடும்பத்தோடு வருவதாகச் செய்தி வந்தது. எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்துக் கழுவினார்கள். மற்ற மிஷின்களுக்கு அது நல்லதுதான்; வருஷத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய்ப் பிசுக்கு போகும். மேனேஜர் எங்கள் டவருக்கும் வந்து சேர்ந்தார்.

"பம்பை ஆஃப் பண்ணுங்க. மணலை வெளிய எடுத்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி உள்ள கொட்டுங்க. கண்ணாடியில பார்த்தா பளபளன்னு இருக்கணும்."

"சார், பாக்டீரியா எல்லாம் செத்துடும்" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா சாவுன்னு பேசாதீங்கம்மா. எல்லா மிஷினுக்கும் ரெஸ்ட் குடுக்கறோம், இதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

அவர் போன பிறகு காதர் பாய் மெதுவாகச் சொன்னார்: "நான் வாயத் தொறந்தா, பாய் பூஜையத் தடுக்கறான்னு கத கட்டுவாங்கம்மா. நீதான் மொதலாளியாண்ட போன்ல சொல்லணும்."

நான் சொல்லவில்லை. ப்ரொபேஷனில் இருந்தேன், பயம். லாக் புக்கில் மட்டும் எழுதினேன்: "காலை பத்து மணி, பம்ப் நிறுத்தம். மணல் ப்ளீச்சிங் பவுடரால் கழுவப்பட்டது. மேனேஜர் உத்தரவு." எழுதிவிட்டதால் என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் வரிசையில் நின்று பொரிகடலையும் வாங்கித் தின்றேன்.

வெளுத்துப் போன மணலோடு நின்ற டவருக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. முதலாளி கண்ணாடியில் எட்டிப் பார்த்து "பிரமாதம்" என்றார். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நாங்கள் குளிப்பாட்டி மாலை போட்டிருந்தது பிணத்துக்கு. அது எனக்கும் காதர் பாய்க்கும் மட்டும் தெரியும்.

3. யார் தலையில் கட்டுவது?

ரெசின் பிளான்ட் மறுபடி ஓடத் தொடங்கியதும், டவருக்குள் போன தண்ணீர் போன மாதிரியே வெளியே வந்தது. கால்வாய் முழுக்கப் பீனால் நெடி. பக்கத்து வயல்காரர்கள் கேட்டில் வந்து நின்று கத்தினார்கள். முதலாளி உற்பத்தியை நிறுத்திவிட்டு, யார் செய்த வேலை இது என்று கேட்டார்.

மேனேஜர் அதற்குள் ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். ஆபரேட்டர் காதர் யாரையும் கேட்காமல் பம்பை நிறுத்தி மணலைக் கழுவிவிட்டார், வேலையிலிருந்து நீக்கலாம் என்று. சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டுமாம்.

"பாய்க்கு என்னம்மா, பூந்தமல்லியில ஏதாவது கடை வெச்சுப் பொழைச்சுப்பான். உங்களுக்கு அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் வருது, பார்த்துக்கோங்க."

காதர் பாய்க்கு மூன்று சின்னப் பெண் குழந்தைகள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. லாக் புக்கை எடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனேன். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், இதை இந்தப் பொண்ணு இப்பத்தான் எழுதியிருக்கும்!"

முதலாளி அந்தப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். அங்கே மேனேஜரின் பச்சை மைக் கையெழுத்து, பூஜைக்கு முதல் நாள் தேதியோடு இருந்தது. தினமும் சாயங்காலம் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புவது அந்த மகானுபாவரின் வழக்கம்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. முதலாளியின் மச்சானாயிற்றே! அம்பத்தூர் ஆபீசில் சேல்ஸ் மேனேஜர் ஆக்கினார்கள். காதர் பாயின் வேலை பிழைத்தது.

செத்துப் போன டவருக்கு உயிர் கொடுத்தவரும் அவர்தான். கம்பெனிக்குப் பின்னால், பல வருஷமாகப் பீனால் தண்ணீர் கசிந்துகொண்டிருந்த சாக்கடையிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கறுப்புச் சேற்றை அள்ளி வந்து டவரில் ஊற்றினார். "பீனாலக் குட்சே வளந்த பூச்சிம்மா இது, புட்சிக்கும்" என்றார். மணலில் மறுபடி வழவழப்பு ஏற இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை பிளான்ட் பாதிகூட ஓடவில்லை. தினக்கூலி ஆட்கள் பலரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

கண்ணாடி வழியே அந்தப் பாசியைப் பார்த்த அன்று, "லாக் புக்குல எழுதி வெச்சது நல்லதாப் போச்சு பாய்" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவர் வால்வைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நீ எய்தினது என் வேலையக் காப்பாத்திச்சும்மா, இல்லன்னு சொல்லல. அன்னிக்கே மொதலாளியாண்ட வாயத் தொறந்து சொல்லிருந்தா, அந்தக் கூலிக்காரங்க வேலையும் பொயச்சிருக்கும்."