டிரான்ஸ்பார்மர் மூலையிலிருந்து வந்த நாற்காலி

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவன் நான். கோடு போட்ட தாளில் எழுதினாலும் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போகிறது. இரண்டு சுழி எங்கே, மூன்று சுழி எங்கே என்பது இன்றும் எனக்கு நிச்சயமில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

குமாரபாளையத்தில் ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். வரிசையாக மூன்று வீடுகள். பின்னால் பொடக்காளியில் மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு குளியலறையும் ஒரு கக்கூசும். நான் விசைத்தறி ஓட்டுகிறேன். பட்டறைக்குள் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. கூச்சப்படுகிறவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடையாது. வெளியே பேச வேண்டியதையெல்லாம் என் வீட்டுக்காரிதான் பேசுவாள். வீட்டுச் சொந்தக்காரரிடம், கரண்டு ஆபீசில், சம்பந்தி வீட்டில் எல்லா இடத்திலும் அவள் முன்னால் நிற்பாள், நான் பின்னால் பையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

அவள் மார்கழியில் விழுந்துவிட்டாள். வாசல் தெளித்துவிட்டுத் திரும்பியபோது படியில் வழுக்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். தரையில் உட்காரக்கூடாது, குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். எங்கள் கக்கூசு குத்துக்காலிட்டு உட்காருகிற கக்கூசு.

சங்ககிரியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பொங்கல் வரைக்கும் இருந்தாள். படுக்கையிலேயே வைக்கிற தட்டை வைத்துச் சமாளித்தார்கள். மகளுக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடம் என்று இருக்கிறதல்லவா, அவள் போய்விட்டாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்து உதவினாள். நான் பட்டறையில் இல்லாத நேரத்தில் நான். அந்தத் தட்டை நான் எடுத்துப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். ஊரையே பேசி ஜெயிக்கிறவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

அப்புறம் அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. டீ வைத்துக் கொடுத்தால், "பித்தமா இருக்குதுங்க, வேண்டாம்" என்பாள். சொம்பில் வைத்த தண்ணீர் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். குடித்தால் போக வேண்டும், போனால் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அதற்காக வாயைக் கட்டிக்கொண்டாள். நீர்க்கடுப்பு வந்தது, காய்ச்சல் வந்தது. கட்டு மாற்ற வந்த நர்சம்மா என்னை வாசலுக்குக் கூப்பிட்டுத் திட்டினார்.

"ஏனுங், இப்படியே உட்டா கிட்னி கெட்டுப்போயிருமுங்க. நடுவுல ஓட்ட வெச்ச நாக்காலி விக்குது, அத வாங்கிக் கக்கூசு மேல வெச்சுக் குடுங்க. அவங்களே போய்க்குவாங்க."

பாலம் தாண்டி பவானிக்குச் சைக்கிளில் போனேன். ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடையில் என் மகள் வயதில் ஒரு பெண் நின்றிருந்தாள். "என்னங்க வேணும்?" என்றாள். கடையில் இன்னும் சிலர் இருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. முட்டிக்குப் போடுகிற துணிக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். "இது எதுக்குங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "இருக்கட்டும் சாமி, ஒதவும்" என்றேன்.

அப்போதுதான் மாசித் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி, நெருங்கியது. மாரியம்மன் ஊர்வலம் எங்கள் தெருக் கோடியில், டிரான்ஸ்பார்மர் மூலையில்தான் திரும்பும். அந்த மூலையை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கு சுருங்குகிறது. உடைந்த பீரோ, பஞ்சு பிதுங்கிய மெத்தை, டிவி ஓடு, கிரைண்டர் டிரம், வெடித்த சின்டெக்ஸ் தொட்டி என்று வீட்டுக்குள் இடமில்லாமல் போன பெரிய சாமான் எல்லாம் அங்கேதான் கிடக்கும். இறந்தவர் படுத்த மெத்தையையும் பிடித்த கோலையும் வீட்டில் வைக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முன்பு ஆற்றோரம் போடுவார்கள். ஆற்றில் போடாதே என்று போர்டு வைத்த பிறகு அதுவும் டிரான்ஸ்பார்மர் மூலைக்கே வந்தது.

தினமும் குப்பை வண்டி கொண்டுவருகிற அம்மா மக்குவதையும் மக்காததையும் வாங்கிக்கொள்வார். இதையெல்லாம் தொடமாட்டார். அம்மன் வருவதற்குள் மூலையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று தெருக்காரர்கள் அவரிடம் கேட்டார்கள். "கட்டிலையும் பீரோவையும் ஏத்துனா என் வண்டி படுத்துக்குமுங்க. நீங்களே இரும்பு வேற, கட்ட வேற, மெத்த வேறன்னு பிரிச்சு வெச்சீங்கன்னா ஞாயித்துக்கெழம டிராக்டர் அனுப்பச் சொல்றேன்" என்றார்.

தெருவில் மாடி வீட்டு அம்மிணி ஒருத்தர் இருக்கிறார். என்னை அண்ணா என்பார். அவர் வீட்டில் பேசினால் எங்கள் வீட்டில் பதில் சொல்லலாம், அவ்வளவு பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமை காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்தான் மூலைக்கு முதலில் வந்து நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவர்களை விடவில்லை.

"ஏனுங், கையக் கட்டிட்டு நிக்க இதென்ன கல்யாண ஊடா? அந்த மெத்தயப் புடிங்க. இந்த டிவி யாரூட்டுது?"

ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள்.

"செரி, மழையில மொளச்சிருக்கும். அக்கட்டால வையுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டிவிக்காரரும் சிரித்தார். என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க இரும்பப் பாத்துக்குங்க. அதும் உங்களாட்டப் பேசாது" என்றார்.

மனசுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தகரத்தையும் கம்பியையும் ஒரு பக்கமாக அடுக்கிக்கொண்டே வந்தேன். ஒரு மெத்தையைப் புரட்டியபோது அடியில் அந்த நாற்காலி இருந்தது. இரும்புக் குழாயில் செய்தது, உட்காருகிற பலகையின் நடுவில் வட்டமாக ஓட்டை. கைப்பிடியில் துரு ஏறியிருந்தது, கால்களில் ரப்பர் இல்லை, மற்றபடி ஆடாமல் நின்றது. யாருடையது என்று எனக்குத் தெரியும். மாடி வீட்டு அம்மிணியின் மாமியார் ஐப்பசியில் இறந்துபோனார். காரியம் முடிந்த அன்று மெத்தையோடு சேர்த்து அதையும் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

அதை எடுத்து இரும்புக் குவியலில் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து ஓரமாக வைத்தேன். யாரோ பார்ப்பது போலிருந்தது, மறுபடியும் குவியலில் வைத்தேன். டிராக்டரோடு வந்திருந்த குப்பை வண்டி அம்மா கவனித்துவிட்டார்.

"ஏனுங்ண்ணா, அந்த நாக்காலிய எடுக்கறீங்க, வெக்கறீங்க. வேணும்னா ஊட்டுக்குக் கொண்டுபோங்க."

"இல்லீங்க, துரு பாத்தேன்" என்றேன்.

நாற்காலி குவியலிலேயே இருந்தது. மாடி வீட்டு அம்மிணி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டிராக்டர் மெத்தைகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. இரும்பை எடைக்கடைக்காரர் மத்தியானம் வந்து ஏற்றுவதாகப் பேச்சு. நான் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். நாற்காலியை விட்டுவிட்டு வந்த நினைப்பாகவே இருந்தது. என் வீட்டுக்காரி உதடு காய்ந்து கட்டிலில் கிடந்தாள்.

தெருவில் இரும்பைத் தரையில் இழுக்கிற சத்தம் கேட்டது. கிரீச் கிரீச் என்று ஒவ்வொரு வீடாகத் தாண்டி வந்தது. யாரோ, "எங்கக்கா போகுது அது?" என்று கேட்டார்கள். மாடி வீட்டு அம்மிணியின் குரல் பதில் சொன்னது.

"நாக்காலி சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை போகுது. நீயும் வாரயா?"

நான் கை கழுவி எழுவதற்குள் அம்மிணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நாற்காலியைச் சுடுதண்ணீர் ஊற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தார். அந்த வாசனை வீட்டுக்குள் நிரம்பியது. இரண்டு கைகளாலும் தூக்கிக் கட்டில் பக்கத்தில் வைத்தார்.

என் வீட்டுக்காரி நாற்காலியைப் பார்த்தாள், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "செத்தவங்க சாமான் எனக்கு வேண்டாங்க்கா" என்றாள்.

அம்மிணி சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டார். நடு வீட்டில், அந்த ஓட்டை வைத்த நாற்காலியில், ராணி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார்.

"பாரு. எங்க மாமியா இதுல உக்காந்துட்டுத்தான் என்ன ஆட்டி வெச்சுது. 'உப்புப் பத்தல, கொழம்பு தண்ணி'ன்னு பொடக்காளியிலிருந்து கத்தும். உசுரோட இருக்கறப்பவே எங்கூட்டு வாசல் தாண்டி வரமாட்டாத பொம்பள. செத்த பொறகா உங்கூட்டுக்கு வரப்போகுது?"

கட்டிலில் ஒரு குலுங்கல் தெரிந்தது. என் வீட்டுக்காரி சிரிக்கிறாள். "அக்கா, சிரிக்க வெக்காதீங்க, தகடு வலிக்குது" என்றாள்.

அம்மிணி குரலை இறக்கினார். அவருக்கு அப்படியும் ஒரு குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "அதும் உன்னையாட்டம் தண்ணி குடிக்காமத்தான் கெடந்துச்சு சாமி. நான் புரியாம வையாத வார்த்தையில்ல. அப்பறந்தான் இத வாங்கிப் போட்டோம். அன்னைக்கே ஒரு சொம்பு நெறையாக் குடிச்சுச்சு. கடைசி வரைக்கும் யாரு கையையும் புடிக்காமப் போயிட்டு வந்துச்சு. கெட்டது எதும் இதுல ஒட்டியிருக்காது."

அப்புறம் பழைய குரல் திரும்பிவிட்டது. "அண்ணா, தூணாட்டம் நிக்காம காலுக்கு ரப்பர் போட்டுக் குடுங்க. கக்கூசுல வழுக்குச்சுன்னா இன்னொரு தகடு வெக்கோணும்."

இரும்புக் குவியலில் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. அதன் டயரை அறுத்து, நாலு காலுக்கும் துண்டு வைத்து, தறிநூலால் இறுக்கிக் கட்டினேன். நாற்காலி கக்கூசின் மேல் அளவெடுத்தது போல நின்றது. இரண்டு பெண்களும் என்னை வெளியே போகச் சொன்னார்கள். "மூலைச் செவுத்துக்குச் சுண்ணாம்பு பூசறாங்க, அங்க போங்க" என்று அம்மிணி விரட்டினார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் நான் சுண்ணாம்பு பூசினேன். மற்றவர்கள் காவிப் பட்டை போட்டார்கள். உடைந்த கட்டில் சட்டங்களை நட்டு வேலி கட்டி, உள்ளே செவ்வரளியும் செம்பருத்தியும் வைத்தார்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் இப்படி ஒரு சுவர் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. வீட்டுக்குத் திரும்பிக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

கொடுத்தேன். அண்ணாந்து முழுவதும் குடித்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சற்று நேரம் அங்கேயே நின்றேன்.

நோம்பிக்கு அம்மன் அந்த மூலையில் திரும்பியபோது கூட்டம் சுவரைப் பார்த்துக்கொண்டு போயிற்று. நோம்பி முடிந்த வாரமே யாரோ ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டார்கள். அம்மிணி அதன் பக்கத்தில் நின்று பேசிய பேச்சில் சொந்தக்காரர் தானாக வந்து எடுத்துப் போனார். இப்போது பெரிய சாமான் இருந்தால் குப்பை வண்டி அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஊன்றுகோல், நடை பழகுகிற வண்டி என்று நல்ல நிலையில் ஏதாவது வந்தால் அவர் அதைத் தனியாக எடுத்து, கழுவி, கோயில் சாமான் அறையில் வைக்கிறார். வேண்டியவர்கள் எடுத்துப் போகிறார்கள், முடிந்ததும் திருப்பி வைக்கிறார்கள். செத்தவர் சாமான் என்று சிலர் இன்னும் தயங்குவதுண்டு. தயங்கினால் அம்மிணி வந்து உட்கார்ந்து காட்டுவதாகப் பேச்சு. எங்கள் லைனில் கடைசி வீட்டுப் பெரியவருக்கு முட்டி மடங்காது. அவரும் இப்போது இந்த நாற்காலியைத்தான் நம்பியிருக்கிறார்.

அம்மிணிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று அவர் வாசல் வரைக்கும் போய், "அம்மிணி..." என்று ஆரம்பித்தேன். "என்னங்ண்ணா, மோட்டார் போடோணுங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தெருக் குழாய்க்கான மோட்டார் சுவிட்சு அவர் வீட்டில்தான் இருக்கிறது, போட்டார். தண்ணீர் வந்தது, நான் குடத்தை எடுக்க ஓடினேன். இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் போதும்.

இன்று தறிக்கு லீவு. என் வீட்டுக்காரி காலையில் கோலை ஊன்றிக்கொண்டு பொடக்காளிக்குக் கிளம்பினாள். நான் வழக்கம்போல் பின்னால் எழுந்தேன். இத்தனை மாதமும் யாராவது ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டு கூடவே உள்ளே போக வேண்டியிருந்தது, பிறகு வெளியிலாவது நிற்க வேண்டியிருந்தது, அதனால் கதவைச் சாத்தியதே இல்லை. "நீங்க உக்காருங்க, நான் போய்க்கறேன்" என்றாள். நான் உட்கார்ந்தேன். கோல் தரையில் தட்டுகிற சத்தம் நடையைத் தாண்டிப் போயிற்று. கதவு மூடியது. உள்ளேயிருந்து அவளே தாழ்ப்பாள் போட்டாள்.

ஆடி பதினெட்டு, காலை.