சந்தானம் பெயரில் ஒரு விமரிசகர்

ஹைதராபாத் லோத்குண்டாவில் அந்த வீட்டில் எதை எடுத்தாலும் சந்தானத்தின் பெயரில்தான் இருந்தது. தொலைபேசி, கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, கேபிள் டி.வி., ஸ்கூட்டர், எல்லாம் ஆர். சந்தானம். அப்பா ராமசுவாமி பாதுகாப்புத் துறை நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். ஐ.டி.ஐ. முடித்த கையோடு சந்தானம் அதே நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து எந்த விண்ணப்பம் வீட்டுக்குள் வந்தாலும் அம்மா வேதவல்லி, "அண்ணா பேரைப் போட்டுடு" என்பாள். தங்கை சுபாஸ்ரீயும் குண்டு குண்டான எழுத்தில் அண்ணன் பெயரைப் போட்டுவிடுவாள்.

இணையம் வந்தபோதும் அதே கதைதான். இணைப்பு அண்ணன் பெயரில். மின்னஞ்சல் முகவரியும் அண்ணன் பெயரில். திருச்சியில் இருந்த அத்தை பிள்ளைக்கு சந்தானம் ஒரே ஒரு மெயில் போட்டான். பதில் வந்தது. இது வேலை செய்கிறது என்று தெரிந்ததும் திருப்தியாகிவிட்டது. அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

சுபாஸ்ரீ அப்போது எம்.சி.ஏ. முடித்துவிட்டு மாதாபூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்திருந்தாள். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை. சின்ன வயதிலேயே அவள் அப்படித்தான். பஞ்சாங்கத்தில் அச்சுப்பிழை கண்டுபிடித்து அப்பாவிடம் காட்டியவள். அந்தக் குணத்துக்குக் கம்பெனிக்காரன் கூப்பிட்டுச் சம்பளம் கொடுக்கிறான் என்பதை சந்தானம் கேன்டீனில் சொல்லாத ஆள் கிடையாது. "எங்க சுபா கிட்ட ஒண்ணும் தப்ப முடியாது" என்று முடிப்பான்.

அவளுக்கு ஒரே பைத்தியம், சனிக்கிழமை சாயங்காலம் வரும் 'நார்த் ஆஃப் சாட்டர்ன்' என்ற ஆங்கிலத் தொடர். சனி கிரகத்துக்கும் அப்பால் ஒரு விண்வெளி நிலையம். அதில் வேலை பார்க்கிறவர்களின் சண்டையும் சமாதானமும்தான் கதை. அவள் கல்லூரியில் இருந்தபோது தொடங்கியது, வேலையில் பதவி உயர்வு வந்த பிறகும் முடியவில்லை. சந்தானமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். பார்ப்பான் என்று சொல்வதுகூட மிகைதான். முதல் விளம்பர இடைவேளைக்குள் தலை சாய்ந்துவிடும். முடிந்ததும் அவள் எழுப்பிச் சாப்பிட அனுப்புவாள்.

2005-ல் ஒரு சனிக்கிழமை. சுபாஸ்ரீ ஆபீசுக்குப் போயிருந்தாள். தொலைபேசி அடித்தது.

"சந்தானம் சாருங்களா? நான் தினேஷ் பேசறனுங்க. நார்த் ஆஃப் சாட்டர்ன், ஹைதராபாத் குரூப்."

"எந்த சந்தானம் வேணும்?"

"ஆர். சந்தானம் சாருங்க. லோத்குண்டா."

இனிஷியல் சரி, ஊர் சரி. சந்தானம் எதையும் சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டான். நம்பரையும் திருப்பிச் சொல்லச் சொன்னான். அதுவும் சரியாக இருந்தது.

"சார், உங்க கதவுக் கட்டுரையைப் படிச்சுட்டுத்தானுங்க நானெல்லாம் குரூப்ல சேர்ந்ததே. அடுத்த சீசனோட தொடர் முடியுதுங்களே, அதுக்கு ஒரு மலர் போடறோம். முதல் பக்கத்துல உங்க கட்டுரைதான். வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு நீங்க அவசியம் வரணுமுங்க."

கோயம்புத்தூர் மரியாதைக்கு முன்னால் மறுத்துப் பேச சந்தானத்துக்கு வாய் வரவில்லை. "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டான்.

"யாருடா போன்ல?" என்றாள் அம்மா.

"நான் ஏதோ கட்டுரை எழுதியிருக்கேனாம்மா. ரொம்ப நன்னா இருக்காம்."

சாயங்காலம் சுபாஸ்ரீ செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டான். "நான் எந்தக் கதவைப் பத்திடி எழுதினேன்?"

அவள் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்துவிட்டாள். "கத்தாதே அண்ணா. உள்ள வா, சொல்றேன்."

விஷயம் இதுதான். நான்காவது சீசனில் நிலையத்தில் ஓட்டை விழுந்து காற்று வெளியேறுகிறது. டாக்டர் மிரென் என்பவள் நடுக்கதவைச் சாத்திவிடுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவளோடு வேலை பார்த்தவர்கள் சிக்கிச் செத்துப்போகிறார்கள். சாத்தாவிட்டால் எல்லாரும் போயிருப்பார்கள். அவள் செய்தது சரியா தவறா என்று ரசிகர்களிடையே வருஷக்கணக்காகச் சண்டை. சரிதான் என்று அடித்துப் பேசி சுபாஸ்ரீ இணையத்தில் இருந்த ரசிகர் குரூப்பில் ஒரு கட்டுரை எழுதினாள். மின்னஞ்சல் அண்ணனுடையது என்பதால் அவன் பெயர் மேலே வந்துவிட்டது. மாற்றத்தான் நினைத்தாள். அதே வாரம் ஜலஜா என்ற பெண் ஒரு கருத்து எழுத, "இதெல்லாம் எந்த பாய்ஃபிரெண்ட் சொல்லிக்கொடுத்தான்?" என்று ஒருவன் கேட்டிருந்தான். ஜலஜா அதற்குப்பின் எழுதவே இல்லை. சந்தானத்துக்கோ 'சார்' பட்டம் கிடைத்திருந்தது. சுபாஸ்ரீ சந்தானமாகவே இருந்துவிட்டாள்.

"இருந்துட்டுப் போயேன். இப்ப என்ன குடி முழுகிப் போச்சு?"

"அந்தக் கட்டுரை தப்பு அண்ணா."

கூட வேலை செய்பவள் வெளிநாட்டிலிருந்து அந்தத் தொடரின் ஒரிஜினல் டி.வி.டி.களை வாங்கி வந்து கொடுத்திருந்தாள். சுபாஸ்ரீ அதைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். மிரென் கதவருகே நிற்கிறாள். திரையின் அடியில், கதவின் கீழ் ஓரத்தில் ஒரு வட்ட மீட்டர். முள் பச்சைப் பகுதியில் நிற்கிறது.

"பாத்தியா? இன்னும் காத்து இருக்கு. சிவப்புக்கு வரவே இல்லை. அவ காத்திருக்கலாம். பயத்துல சாத்திட்டா."

"டி.வி.ல பார்க்கறச்சே இது உன் கண்ணுல படலையா? உன் கண்ணுலயா?"

"எப்படிப் படும்? அந்த இடத்துலதான் நம்ம கேபிள்காரன் பட்டுப்புடவை தள்ளுபடின்னு பட்டையை ஓட்டிண்டிருந்தானே!"

சந்தானத்துக்கு நினைவு வந்தது. திரையின் அடிப்பகுதியில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த மஞ்சள் பட்டை. தொடர் ஞாபகம் இல்லாவிட்டாலும் புடவைக் கடையின் போன் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

"அதை எழுதிப் போட்டுடேன்."

"போட்டேன். போன வாரம், என் பேர்ல, புது ஐடில. என்ன பதில் வந்தது தெரியுமா? 'முதல்ல சந்தானம் சார் கட்டுரையைப் படிச்சுட்டு வாங்க மேடம்.' "

"அப்ப என் பேர்லயே போட்டுடு. ஒரு நிமிஷத்துல ஒத்துண்டுடுவா."

"ஒத்துண்டுடுவா. அதான் வேண்டாங்கறேன். தப்பு உன் பேர்ல போயிடுத்து. சரியானதாவது என் பேர்ல போகட்டும்."

"தப்பு எனக்கு, சரி உனக்கு. நன்னாப் பாகம் பிரிக்கறேடி!" என்றான் சந்தானம். ஆனால் அவள் சிரிக்கவில்லை. மலர் அச்சாகிவிட்டால் அந்தக் கட்டுரைதான் நிற்கும். அதற்குள் அவள் வாயால் சொல்லி அவர்கள் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். "மீட்டிங்ல நீ வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கறேன்" என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டரில் தார்நாகா, நாச்சாரம் தாண்டி மல்லாபூர் போனார்கள். சாய்கிருஷ்ணா என்பவன் வீட்டு மாடியில் கூட்டம். மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவனுடையது; அவன் தமிழில் பாதி உருதுதான். கூடத்தில் இருபது பேர் போல இருந்தார்கள். தெலுங்கு, உருது, ஆங்கிலம் எல்லாம் கலந்து காது நிறைந்தது. பெண்கள் என்று பார்த்தால் சுபாஸ்ரீயும் மூலையில் இன்னொருத்தியும்தான். அவள்தான் ஜலஜா.

சந்தானத்தின் கையைக் குலுக்கி முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முதல் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும் அவனுக்கு. "இது என் தங்கை சுபாஸ்ரீ" என்றான். தினேஷ் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, பின்வரிசையில் ஒரு முக்காலியைக் காட்டினான்.

மலரைப் பற்றிய பேச்சு வந்ததும் சுபாஸ்ரீ எழுந்தாள். "கதவுக் கட்டுரையை இப்படியே போடக் கூடாது. மிரென் சாத்தினது தப்பு. கதவுக்குக் கீழ ஒரு மீட்டர் இருக்கு..."

"எந்த மீட்டர்?" என்றான் சாய்கிருஷ்ணா. "அரே யார், நானு அந்த எபிசோட் பத்து வாட்டி பாத்திருக்கேன். மீட்டரும் நை, கீட்டரும் நை."

"டி.வி.டி. கொண்டுவந்திருக்கேன். போட்டுப் பாக்கலாம்."

"நக்கோ, நக்கோ. டைம் இல்லே. கைக்கு, எதுக்கு பழைய கதை? சந்தானம் அண்ணா எப்பவோ முடிச்சிட்டாரு அதை."

"ஆமாங்க மேடம்" என்றான் தினேஷ் தணிவாக. "வீட்லயே அவ்வளவு பெரிய ஆள வச்சுட்டு நீங்க இப்படிக் கேக்கலாமுங்களா? சார், நீங்களே சொல்லிருங்க. மீட்டர் இருக்குதுங்களா?"

கூடம் முழுக்க சந்தானத்தைப் பார்த்தது. சுபாஸ்ரீயும் பார்த்தாள். அவள் வாங்கிக்கொண்ட சத்தியம் முழுக்க அந்தப் பார்வையில் இருந்தது.

சந்தானம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தலையாட்டிவிடுவார்கள். கட்டுரை மாறிவிடும். ஆனால் அது தன் கணக்கில்தான் ஏறும். ஸ்டோர்ஸில் ஒருவருக்குச் சேர வேண்டிய சாமானை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவதை அவன் ஒரு நாளும் செய்ததில்லை. பேசாமல் இருந்தாலோ, அவளை உட்கார வைத்துவிடுவார்கள்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

"சார்?"

"எனக்கு இந்தத் தொடரே தெரியாது. முதல் விளம்பரம் வர்றதுக்குள்ள தூங்கிடுவேன். இவளைக் கேளுங்கோ."

யாரோ சிரித்தார்கள். "அண்ணா ஜோக் அடிக்கிறாரு" என்றான் சாய்கிருஷ்ணா.

"ஜோக் இல்லே. அந்தக் கட்டுரை, அதுக்கு முன்னாடி எழுதினது, பின்னாடி எழுதினது எல்லாம் இவ எழுதினது. மெயில்தான் என் பேர்ல இருக்கு. எங்காத்துல கேஸ் கனெக்‌ஷன்கூட என் பேர்லதான் இருக்கு. அதுக்காக நான்தான் சமைக்கறேன்னு ஆயிடுமா?"

முதலில் சிரித்தது மூலையில் இருந்த ஜலஜாதான். "அரே, அப்போ இத்தனை வருஷமா நீங்கள்லாம் சார் சார்னு கும்பிட்டது இவங்களைத்தானா?" என்றாள்.

தினேஷுக்குக் காது சிவந்துவிட்டது. "டிஸ்க்கைக் கொடுங்க" என்று கையை நீட்டினான். 'மேடம்' காணாமல் போயிருந்தது.

திரையில் மிரென் கதவருகே வந்தாள். சுபாஸ்ரீ படத்தை நிறுத்தினாள். முள் பச்சையில் நின்றது. ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். அமீர்பேட்டை ஹாஸ்டலில் இருந்தபோது அந்த இடத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் விளம்பரம் ஓடியது என்றான் தினேஷ். மல்லாபூரில் கல்யாண மண்டபம். ஜலஜா வீட்டுப் பக்கம் பிரியாணிக் கடை. ஊரெல்லாம் கேபிள்காரர்களின் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்த மீட்டரை இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

"டீக் ஹை, மீட்டர் இருக்கு, ஒத்துக்கிறேன்" என்றான் சாய்கிருஷ்ணா. தோற்றுப்போகும் ஆள் இல்லை அவன். "ஆனா மீட்டர் கெட்டுப்போயிருந்தா? ஓட்டை விழுந்த ஸ்டேஷன்ல மீட்டர் மட்டும் சரியா வேலை செய்யுமா?"

"முந்தின சீன்ல அதே முள் நகர்றது. பாருங்கோ" என்றாள் சுபாஸ்ரீ.

"முள்ளு நகர்ந்தா போதுங்களா?" தினேஷ் முன்னால் வந்து உட்கார்ந்தான். "அந்த டென்ஷன்ல அவ மீட்டரைப் பாக்கணும்னு இருக்குதுங்களா? சுபாஸ்ரீ, நீங்க சொல்றது தப்புங்க. பழைய கட்டுரைல நீங்க சொன்னதுதான் ரைட்டு."

"நான் சொன்னதை நானே தப்புங்கறேன். உங்களுக்கென்ன?"

"நீங்க எழுதினதுதான். அதுக்காக விட்டுர முடியுங்களா?"

ஜலஜா முக்காலியை இழுத்துக்கொண்டு சுபாஸ்ரீ பக்கம் வந்தாள். "கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. எனக்கு வேற ஒண்ணு தெரியுது" என்றாள். பின்வரிசை முன்வரிசையாகிவிட்டது. எதிர்த்து நான்கு பேர், ஆதரித்து மூன்று பேர். சுபாஸ்ரீ கைகளை வீசி வீசிப் பேசினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு களையை சந்தானம் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் தப்பு தப்பு என்று அவளை அடித்துப் பேச, அவளுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

இதையெல்லாம் சந்தானம் முழுதாகப் பார்த்தானா என்றால், இல்லை. மிரென் இரண்டாவது தடவை கதவைச் சாத்துவதற்குள் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டான். சாய்கிருஷ்ணா அவனைக் காட்டி, "இவரு எழுதலேங்கறதுக்கு வேற சாட்சியே வேணாம்" என்று சொல்லிச் சிரித்ததாகத் திரும்பி வரும்போது சுபாஸ்ரீ சொன்னாள்.

மலரில் இரண்டு கட்டுரைகளும் வந்தன. சாத்தியது சரி என்ற பழையதும், தவறு என்ற புதியதும். இரண்டுக்கும் கீழே சுபாஸ்ரீ என்று இருந்தது. சந்தானம் ஒரு பிரதியைக் கேன்டீனுக்கு எடுத்துக்கொண்டு போனான். "ஒரே ஆள் ரெண்டு விதமா எழுதியிருக்காளே?" என்று ஒருவர் கேட்டார். "தன் தப்பையும் விட மாட்டா எங்க சுபா" என்றான்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தொலைபேசி அடித்தது. சந்தானம் எடுத்தான்.

"அண்ணா, தினேஷுங்க. சுபாஸ்ரீ இருக்காங்களா?"

"இருக்கா. என்ன விஷயம்?"

"புதுக் கட்டுரைல மூணாவது பாராவுல ஒரு ஓட்டை இருக்குதுங்க. சொல்லிரலாம்னு."

"அதை அவகிட்டயே சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, சந்தானம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "சுபா! உனக்குத்தான் போன்!"