ஸ்பீக்கரில் கேட்ட பதில்

போன வருடம் ஆடி மாதம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

மிக்ஸி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்காமல் வாங்க மாட்டேன். அப்படிப்பட்ட நான், என் கணவருக்கு ஆயுள் காப்பீடு எடுக்கக் கிளம்பினால் லேசில் விடுவேனா? எங்கள் தெருவில் ஒருவர் திடீரென்று காலமாகி, அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு திண்டாடுவதைப் பார்த்த பிறகு வந்த யோசனை இது. மத்தியான நேரமெல்லாம் செல்போனும் கையுமாக உட்கார்ந்து, இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி என்று ஆன்லைனில் அலசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மன்னார்புரத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவரோ, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஜவ்வாக இழுத்தார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நானே நிரப்பிவிட்டேன். அந்த நோய் உண்டா, இந்த நோய் உண்டா என்று கேட்ட இடத்திலெல்லாம் 'இல்லை' என்று தட்டினேன். என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலை, விண்ணப்பத்தைச் சரிபார்க்க அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அவருக்குப் போன் செய்தாள். அவர் உளறிக் கொட்டினால் திருத்தலாமே என்று ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். உயரம், எடை, சிகரெட் பழக்கம் எல்லாம் கேட்டாள். எல்லாம் நல்லபடியாகப் போனது.

"ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகியிருக்கீங்களா சார்?"

'இல்லைன்னு சொல்லுங்க' என்று கத்தியாலேயே ஜாடை காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆகியிருக்கேங்க. போன மார்கழியில. நெஞ்சு வலி. ஆஞ்சியோ பண்ணிப் பார்த்தாங்க. அடைப்பு இருக்கு, மாத்திரையிலயே பார்த்துக்கலாம்னு சொன்னாங்க."

அந்தப் பெண் நிதானமாக, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டாள். "சாப்பிடறேங்க. ஆபீஸ்ல வச்சிருக்கேன்" என்றார். என்னோடு குடித்தனம் நடத்துகிற மனிதரைப் பற்றி, அவரே யாரோ ஒருத்திக்குச் சொல்லும்போது பக்கத்தில் நின்று நான் தெரிந்துகொள்கிறேன்!

மார்கழி என்றதும் எல்லாம் ஞாபகம் வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல் பார்க்க என் அக்கா குடும்பம், அவர் தங்கை குடும்பம் என்று வீடு நிறைய ஆட்கள். கால் வைக்க இடமில்லை. அந்த நேரம் பார்த்து, ஆபீஸ் வேலையாகப் பெரம்பலூர் போகிறேன் என்று போனவர் இரண்டு நாள் கழித்து வந்தார். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்திரி. டிராயரில் இடித்துக்கொண்டாராம். வந்தவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "பால் வாங்கிட்டு வந்தீங்களா?" என்பதுதான். ஆஞ்சியோவுக்குக் குழாய் விட்ட அந்தக் கையாலேயே தண்ணீர் கேனையும் தூக்க வைத்தேன். விருந்தாளிகளை என் தலையில் கட்டிவிட்டு ஓடிவிட்டார் என்று மாதக்கணக்கில் குத்திக்காட்டியும் இருக்கிறேன்.

போனை வைத்ததும் வெடித்துவிட்டேன். "ஏங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"வீடு முழுக்க ஆளுங்க. சொல்லியிருந்தா நீ தாங்கியிருப்பியா? எல்லாரும் ஊருக்குப் போனதும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் உன் முகத்தைப் பார்த்தா வாய் வரல. கூட வேலை பார்க்கறவர்தான் சேர்த்துவிட்டாரு. செலவும் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்ல போயிடுச்சு."

"எங்கிட்ட மறைச்சவரு, முகம் தெரியாத பொண்ணுகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுவீங்களா? அவகிட்டயும் இல்லைன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "அவங்ககிட்ட பொய் சொன்னா, நாளைக்கு நான் இல்லாதப்ப பணம் கிடைக்காம நீதானேம்மா ஆபீஸ் ஆபீஸா அலையணும்."

கத்தியைக் கீழே வைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து மீதி பீன்ஸை நறுக்கினார்.

சிகிச்சை விவரங்களையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பாலிசி தர முடியாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். அன்றைக்கே ஆபீஸிலிருந்த மாத்திரைகள் வீட்டுக்கு வந்துவிட்டன; காப்பிப் பொடி டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் போகும்போது நானும் கூடவே போகிறேன். அடுத்த மார்கழியிலும் வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்தார்கள். ஆனால், அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் பால் எங்கே என்று கேட்பதற்கு முன்னால், முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.