இரண்டு புகைக்குப் போன வண்டி

அந்தக் கார் யாரையும் கொல்லாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். அம்மாவின் நம்பிக்கைக்குக் காரணம் எளிமையானது. அந்நாட்களில் ஜப்பானிலிருந்து வந்த பீங்கான் கோப்பையும் தகர பொம்மையும் கைதவறினால் தாமே உடையும். மனிதர் மேல் ஒரு கீறல்கூட விழாது. காரும் அந்த வகையே என்று அவர் எண்ணினார். அப்பாவுக்கோ அதன் அளவே போதுமான சான்றாக இருந்தது. எட்டுப் பேர் சேர்ந்தால் தூக்கிவிடக்கூடிய வண்டி அது. எருமை எதிரே வந்தால் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். அப்பா நம்பியதால் நானும் நம்பினேன்.

எங்கள் நிலம் கொல்லிமலையின் அடிவாரத்தில், புளியஞ்சோலையிலிருந்து நான்கு மைல் தள்ளி இருந்தது. திருச்சியில் ஒரு ஜவுளி வியாபாரி, துணி வந்த கப்பலிலேயே அந்தக் காரையும் வரவழைத்து, இரண்டு வருடம் ஓட்டிவிட்டு அப்பாவுக்குக் கொடுத்தார். அதன் மூக்கில் வெண்கல நிறத்தில் ஒரு முயல் பாய்ந்துகொண்டிருந்தது. ஊரில் யாரும் கம்பெனியின் பெயரைச் சொன்னதில்லை. முயல் வண்டி என்றே சொன்னார்கள்.

வண்டியோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. பாதி ஜப்பானிய எழுத்து, பாதி தட்டுத்தடுமாறிய இங்கிலீஷ். அப்பா அதை இதிகாசம்போல எனக்கு வாசித்துச் சொல்வார். அந்தக் கம்பெனியைத் தொடங்கப் பணம் போட்ட மூன்று பேரின் பெயர்களிலிருந்து முதல் எழுத்துகளை எடுத்து வண்டிக்குப் பெயர் வைத்தார்களாம். அந்த எழுத்துகளைச் சேர்த்தால் அவர்கள் மொழியில் பாய்ந்தோடும் முயல் என்று பொருள் வருமாம். இத்தனை சிறிய வண்டியை அந்த நாட்டில் பரீட்சை கொடுக்காமலேயே யாரும் ஓட்டலாமாம். இதைச் சொல்லும்போது அப்பா சிரிப்பார். பரீட்சை என்ற ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும் என்று அம்மா சொல்வார்.

எங்கள் பக்கத்தில் அதே வண்டி இன்னும் இருவரிடம் இருந்தது. துறையூரில் ஓர் அரிசி ஆலைக்காரர், நாமக்கல்லில் ஒரு டாக்டர். மூவரும் சந்தித்தால் வேறு பேச்சே கிடையாது. தையல் மெஷினுக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி என்பார் டாக்டர். அது குறையா பாராட்டா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. தன் உடம்புக்கு இந்த வண்டி இடுப்புவரைதான் வருகிறது என்பது ஆலைக்காரரின் குறை. அப்பா மட்டும் ஒரே பதிலை வைத்திருந்தார்: கூப்பிட்ட நாளில் ஒருநாளும் கிளம்பாமல் இருந்ததில்லை.

கூப்பிட்டது மலை. அப்போது கொல்லிமலைக்கு மேலே போகச் சாலை கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். பலா பழுக்கும் மாதங்களில் கரடிகள் மலை ஊர்களுக்குள் வரும். மலைமேல் இருந்த ஆலத்தூர் நாட்டு மக்கள் அடிபட்டவரைக் கம்பளியில் இட்டு, மூங்கிலில் கட்டி, நான்கு பேர் தோளில் சுமந்து இறங்குவார்கள். அடிவாரம் வந்தபின் துறையூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி. பாதிப் பேர் வண்டியிலேயே இறந்தார்கள். கார் வந்த வருடம் மலைப் பெரியவர்கள் இருவர் வந்து அப்பாவோடு பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆள் அடிபட்டால் மலை விளிம்பில் இருக்கும் மொட்டைப் பாறையில் பச்சைத் தழையைப் போட்டுப் புகை எழுப்புவது. அதைக் கண்டு கார் கிளம்பி அடிவாரத்தில் காத்திருப்பது. ஆணுக்கு ஒரு புகை. பெண்ணுக்கு இரண்டு புகை, பக்கத்தில் பக்கத்தில். தொட்டுத் தூக்க ஒரு பெண்ணும் காரில் வர வேண்டும் என்பது அதன் பொருள். வழக்கமாக அம்மா போவார். ஐந்தாறு வருடத்தில் பதினொரு பேரை அந்த வண்டி துறையூரில் சேர்த்தது. ஒருவர் மட்டுமே பிழைக்கவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோல் ரேஷனில் சில டின்கள்தான் கிடைத்தன. அப்பா அவற்றைப் புகைக்கென்று மட்டும் ஒதுக்கினார். சந்தைக்கும் கோயிலுக்கும் மீண்டும் மாட்டு வண்டியில் போனோம்.

அடுத்த வீட்டில் இருந்த பெரியப்பாவின் ஒரே மகன் ரங்கூனில் அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். ஜப்பான் விமானங்கள் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்ட பிறகு அவனிடமிருந்து கடிதம் இல்லை. காட்டு வழியாக நடந்தே திரும்பிய ஒருவன் பெரியப்பாவின் வாசலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். ஆலை இருந்த இடத்தில் அவன் கண்டது முழங்கைக்குக் கீழே ஒரு கையை மட்டும். வெள்ளிக்காப்பை வைத்து அடையாளம் கண்டானாம். பெரியம்மா கீழே விழுந்தார். பெரியப்பா விழவில்லை. வந்தவனுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, எங்கள் புளியமரத்தடியில் நின்ற காரின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

மறுமாதம் மலையில் ஒரு புகை எழுந்தது. அப்பா கிளம்பிப் போனார். அன்று மத்தியானம் மலைக்கு மேலாக ஒரு விமானம் போயிற்று. அது யாருடையது என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஊரில் மட்டும் அதற்கு ஒரு கதை தயாராகிவிட்டது: புகைதான் ஜப்பான் விமானத்துக்கு அடையாளம், ஜப்பான் வண்டி அதற்குக் கூட்டு. முயலு குட்டி போட்டா நம்ம தலையிலதான் உழும் என்று கிணற்றடியில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சில நாளில் சிரிப்பு நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

பெரியப்பா ஒரு காலையில் வந்து, உட்காராமலே பேசினார்.

"தம்பி, இனி அந்த வண்டிய எடுக்காத."

"பொக வந்தா நான் போயாகோணுங்கண்ணா."

"பொக வந்தாத்தான் நீ போற. அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க. சந்தைக்குப் போகாத வண்டி பொகைக்கு மட்டும் எதுக்குப் போவுதுன்னு."

"பெட்ரோல் அவ்வளவுதாங்கண்ணா இருக்குது."

"உன்ற பெட்ரோலு எனக்குத் தெரியாது. எம்பையன் கை எனக்குத் தெரியும்."

அண்ணனுக்கு எதிரே நின்று வாதாடும் பழக்கம் அப்பாவுக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் அன்று மாலை என்னைக் கொண்டே முயலின் மேல் சாக்கு ஒன்றைக் கட்டச் செய்தார். அவர் ஊருக்காக விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அடுத்த புகை இரண்டாக எழுந்தது. பலாக் காலம் முடியும் தறுவாய், காற்றில்லாத காலை. இரண்டு தூண்கள் போல நேராக நின்றன. அம்மா காய்ச்சலில் கிடந்தார். வீட்டில் வேறு பெண் நான் ஒருத்திதான்; எனக்குப் பதினேழு வயது. அப்பா என்னைப் பார்த்து, நீ வா கண்ணு என்றார். பழைய சேலைகளையும் ஒரு குடம் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

வழியில் ஓர் ஓடை குறுக்கிடும். மணலில் வண்டி மெதுவாகத்தான் இறங்க வேண்டும். அங்கே இருபது பேருக்குமேல் நின்றார்கள். தடிகளும் ஒரு கடப்பாரையும் அரிவாள்களும் இருந்தன. எல்லோரும் எங்களுக்குத் தெரிந்தவர்கள், சிலர் உறவு. நடுவில், மணலில் கால் புதைய, பெரியப்பா நின்றார். அப்பா நினைத்திருந்தால் நிற்காமல் ஓட்டியிருக்கலாம், அவர்கள் விலகியிருப்பார்கள். முன்னால் நின்றது அண்ணன் என்பதால் நிறுத்தினார். என் வாழ்நாளில் நான் அதிக முறை திரும்பிப் பார்த்த கணம் அதுதான்.

மேலே ஒரு பொம்பள ரத்தம் ஒழுகக் கெடக்கறா, வழி விடுங்க என்று அப்பா சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவரை இழுத்து இறக்கிப் பனைமரத்தோடு கயிற்றால் கட்டினார்கள். என்னை இரண்டு பெரியவர்கள் கைபிடித்துக் கரையில் உட்காரவைத்தார்கள். கண்ணை மூடிக்க சாமி என்று ஒருவர் பரிவோடு சொன்னார். நான் மூடவில்லை.

வண்டிக்குள் கம்பியில்லாத் தந்தி மெஷின் இருக்கிறது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அதைத் தேடிச் சீட்டுகளை அரிவாளால் கிழித்துத் தேங்காய் நாரைப் பிடுங்கி எறிந்தார்கள். மேல் கூரைத் துணி கிழிந்தது. முன் கண்ணாடி கடப்பாரையின் முதல் அடியிலேயே உதிர்ந்தது. சாக்கோடு சேர்த்து முயலை அடித்து முறித்தார்கள். இவ்வாறு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தேடினார்கள். மெஷின் கிடைக்கவில்லை, சீட்டுக்கு அடியிலிருந்து அந்தச் சிறு புத்தகம் கிடைத்தது. ஜப்பானிய எழுத்தைக் கண்டதும் கூட்டத்தில் எழுந்த ஓசையை என்னால் எழுத முடியவில்லை.

கடப்பாரை வைத்திருந்தவன் அப்பாவின் இடது கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கயிறு அறுந்து விழுந்தவரின் வயிற்றில் நான்கைந்து பேர் மாறி மாறி உதைத்தார்கள். அவர் கத்தவில்லை, ஒவ்வோர் உதைக்கும் அவரிடமிருந்து மூச்சு மட்டும் வெளியேறியது. பெரியப்பா அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தலைகீழாக, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எட்டுப் பேர் சேர்ந்து காரைப் பக்கவாட்டில் சாய்த்தார்கள். பெட்ரோல் மணலில் சொட்டியது. பெரியப்பா மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

அப்போது மலைப் பக்கத்து வழியில் மூங்கில் தெரிந்தது. அடிவாரத்தில் காரைக் காணாததால் சுமந்தவர்கள் நிற்காமல் நடந்தே வந்துவிட்டார்கள். கம்பளியின் அடியிலிருந்து இரத்தம் சொட்டுச் சொட்டாக வழி நெடுக விழுந்திருந்தது. முன்னால் சுமந்தவர் அந்தப் பெண்ணின் கணவர். எங்கள் வீட்டுக்கு மிளகும் சாமையும் கொண்டுவருபவர். கவிழ்ந்த வண்டியையும் கூட்டத்தையும் அவர் பார்த்ததாகவே தோன்றவில்லை. மணலில் கிடந்த அப்பாவை மட்டும் பார்த்தார்.

"பொக போட்டோமுங்களே சாமி. தெரியலீங்களா?"

அப்பா வலக்கையை மணலில் ஊன்றி எழப் பார்த்தார்.

பெரியப்பா கிட்டே போய்க் கம்பளியை விலக்கினார். கரடி அவளுடைய முகத்தின் ஒரு பாதியை எடுத்துவிட்டிருந்தது. கன்னத்தின் வழியே பல்வரிசை தெரிந்தது. பெரியப்பா முகத்தைப் பார்க்கவில்லை. கம்பளிக்கு வெளியே தொங்கிய அவளுடைய கையைப் பார்த்தார். முழங்கைவரை இரத்தம், இரண்டு கண்ணாடி வளையல். அந்தக் கை அசைந்தது. ஏதோ ஒன்றைப் பற்றிக்கொள்ளத் தேடி, அவருடைய வேட்டியின் முனையைப் பற்றிக்கொண்டது.

தீப்பெட்டி அவர் கையிலிருந்து விழுந்தது.

"நிமுத்துங்கடா வண்டிய" என்றார்.

சாய்த்த எட்டுப் பேரே நிமிர்த்தினார்கள். டாங்கியில் கொஞ்சம் மீதியிருந்தது. பெரியப்பா ஹாண்டிலைச் செருகித் தாமே சுற்றினார். மூன்றாம் சுற்றில் என்ஜின் பிடித்துக்கொண்டது. அவளைக் கிழிந்த பின்சீட்டில் கிடத்தினோம். ஓட்டத் தெரிந்தவர் அப்பா ஒருவரே. அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். முறிந்த கையை, நான் கொண்டுவந்த சேலை ஒன்றால் மார்போடு கட்டினேன். அவர் வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தார். எங்களுக்கு நடுவில் இருந்த கியர்த் தடியை நான் பிடித்தேன். அவர் ஒண்ணு என்றால் முன்னே தள்ளினேன், ரெண்டு என்றால் இழுத்தேன். கண்ணாடி இல்லாத முன்பக்கத்தின் வழியே புழுதி முகத்தில் அறைந்தது. பின்னால் அந்தப் பெண்ணின் மூச்சு நீர்க்குமிழி வெடிப்பதுபோல் கேட்டுக்கொண்டே வந்தது. அது கேட்டுக்கொண்டிருந்ததால் நாங்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. துறையூர்வரை அந்த வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைப் பெண்கள் வார்டிலும் அப்பாவைப் பக்கத்து வார்டிலும் சேர்த்தார்கள். அவளுக்கு ஒரு கண் போயிற்று, உயிர் நின்றது. அப்பாவின் கை கூடிவிடும் என்றுதான் சொன்னார்கள். வயிறு வீங்கத் தொடங்கியது மறுநாள்தான் தெரிந்தது. உள்ளே இரத்தம் கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரி டாக்டர் அம்மாவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

பெரியப்பா தினமும் வந்தார். வார்டுக்குள் வரவில்லை, வராந்தாத் தூணருகே நின்றார். மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் விசாரிக்க வந்தபோதும் அங்கேதான் நின்றார். உள்ளே பேசுவது அவருக்குக் கேட்கும் தூரம்.

"ஓடையில வண்டி சாஞ்சு போச்சுங்க. சின்ன வண்டிங்க. ஆரு மேலயும் குத்தமில்லீங்க" என்றார் அப்பா.

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். அப்பாவும் பார்த்தார். ஆமாங்க, சாஞ்சுதான் போச்சுங்க என்று நானும் சொன்னேன். நான் சொன்ன பொய்களில் மிகப் பெரியது அதுவே. ஓர் உயிரற்ற வண்டியின் மேல் பழியைப் போட்டோம். அதற்காக நான் வெட்கப்பட்டதும் உண்டு, அந்த வண்டிக்கு நன்றி சொன்னதும் உண்டு.

நான்காம் நாள் காலையில் அப்பா இறந்தார்.

கருமாதிக்கு வந்த நாமக்கல் டாக்டர், துறையூரிலிருந்து மாடு பூட்டி இழுத்துவந்து நிறுத்தியிருந்த உடைந்த காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இந்த வண்டி அப்படிச் சாயாதே அம்மா என்றார். அம்மா என்னிடம் காப்பி கொண்டுவரச் சொன்னார். அடுத்த வருடம் ஆலைக்காரர் அதன் என்ஜினை மட்டும் கழற்றிக் கொண்டுபோய்த் தம் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் பொருத்தினார். பெரியப்பா எங்கள் நிலத்தையும் தம் நிலத்தோடு சேர்த்து உழுதார். பதினான்கு வருடம் ஒவ்வொரு விளைச்சலையும் எங்கள் களத்தில் கொட்டிவிட்டு, வாசற்படி ஏறாமல் திரும்பிப் போனார். அம்மா ஒருமுறையும் அவரை உள்ளே அழைக்கவில்லை. நான் அழைத்தேன், அவர் வரவில்லை.

இப்போது அவர்கள் யாரும் இல்லை. ஓடைக்கரையில் நின்றவர்களில் கடைசி ஆளும் போன மழைக்காலத்தில் போய்விட்டார். மலைமேல், ஆலத்தூர் நாட்டில், ஒற்றைக் கண்ணோடு அந்த அம்மாள் பேரன் பேத்திகளுடன் இருக்கிறார். கீழே நான் இருக்கிறேன்.