பால் வற்றிய மரத்துக்கு மருந்து

வளைகுடாவில் வேலை போய் என் வீட்டுக்காரர் கீரிப்பாறைக்குத் திரும்பிய மழைக்காலத்தில், அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். கேட்டால் உண்டு, இல்லை. அதற்குமேல் கிடையாது. சோற்றைப் பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். நாகர்கோவில் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "ஆளைத் தனியா விடாதீங்கம்மா" என்றார். அன்றிலிருந்து எனக்கு உறக்கம் போயிற்று.

எதற்கும் புத்தகத்தில் வழி இருக்கும் என்று நம்புகிற கிறுக்கு எனக்கு. நூலகத்தில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிவந்து, கட்டிலருகே உட்கார்ந்து உரக்க வாசித்தேன். பனிக்காலம் முழுக்கச் சுருண்டு கிடக்கும் கரடிக்கு நெஞ்சு மெல்லத்தான் அடிக்குமாம், வெயில் வந்ததும் எழுந்து நடக்குமாம். எரிந்து சாம்பலான நகரங்களை மனிதர்கள் மறுபடி கட்டினார்களாம். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அந்தக் கரடியை அடித்துக் கொல்லலாம்போல் இருந்தது.

பிறகு ரப்பரைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. இவர் எஸ்டேட்டில் பால் வெட்டி வளர்ந்தவர், இது காதில் ஏறும் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். அளவுக்கு மீறி வெட்டினால் மரத்தின் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும், கத்தி படாமல் சும்மா விட்டால் சில மரங்கள் தேறிவிடும் என்று எழுதியிருந்தது.

"கேட்டியளா? தேறிரும்னு போட்டிருக்கு."

அவர் என் பக்கம் திரும்பினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு.

"எஸ்டேட்டுல பால் இல்லாத மரத்த சும்மாவா விடுவாவ? கடும்வெட்டு வெட்டுவாவ. கண்ட இடமெல்லாம் கீறி, உள்ளதையும் வடிச்சு எடுத்துட்டு, மூட்டோட வெட்டித் தள்ளிருவாவ. விறகுக்கு."

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். நூலகத்துப் புத்தகம், போகட்டும்.

"ஒரு கரடியும் வேண்டாம், மரமும் வேண்டாம். நீங்க செத்துருவியளோன்னு எனக்குப் பயமா இருக்கு. கண்ணை மூட முடியல. அதைச் சொல்ல வாய் வராமத்தான் இந்தக் கண்ட குப்பையெல்லாம் வாசிச்சுட்டுக் கிடக்கேன்."

வெளியே மழை வலுத்தது. அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி," என்றார். "நம்ம ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில, பாலை உறைய வைக்க ஆசிட் இருக்குல்லா. அதை இங்க வைக்காண்டாம். எங்கயாவது கொண்டு குடுத்துரு."

இவ்வளவு நாளும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கூரையை அல்ல, அந்த ஆசிடை. குடையை எடுத்தேன்.

"சீக்கிரம் வந்துரு. ஒத்தையில இருக்கப் பயமா இருக்கு."

விட்டுவிட்டா போவேன்? கையைப் பிடித்து எழுப்பினேன். ஒரே குடையில் இருவருமாகக் கொட்டகைக்கு நடந்தோம்.