மேசையக்கா குரூப்பில் போட்டது

மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறையைத் தாண்டி, ஜெனரேட்டர் அறையையும் தாண்டினால் சலவைப் பிரிவு. முன்வாசலில் கண்ணாடிக் கதவு ஆள் வருவதற்கு முன்பே திறந்து வழிவிடும். இங்கே இரும்புக் கதவைத் தோளால் இடித்தால்தான் திறக்கும். உள்ளே நுழைந்ததும் முகத்தில் ஆவி அறையும். அந்த ஆவிக்கு நடுவில் இரண்டு கட்டில் நீளத்துக்கு ஒரு தகர மேசை கிடக்கும். வார்டுகளிலிருந்து வரும் அழுக்குத் துணி மூட்டைகள் எல்லாம் அதன் மேல்தான் அவிழும். அந்த மேசையின் தலைமாட்டில் கல்யாணமான வருஷத்திலிருந்து நிற்பதால் அவளுக்கு மேசையக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ என்று நினைத்துக்கொள்வாள்.

விரிப்புக்குள் என்னதான் இருக்காது? பல்செட்டு, மூக்குக் கண்ணாடி, கத்தரிக்கோல், காதுக் கருவி, பாதி கடித்த பிஸ்கட். நோயாளியோடு வீட்டுக்குப் போக வேண்டியதும் குப்பைக்குப் போக வேண்டியதும் சுருட்டிய துணியோடு சுருண்டு இங்கே வந்து விழும். கையால் தடவி, உதறி, பிரித்த பிறகுதான் இயந்திரத்தில் போட முடியும். கையுறை என்று ஒன்று கொடுப்பார்கள். கடையில் சாமான் கட்டித் தரும் பிளாஸ்டிக் பை அதைவிடக் கெட்டி.

கண்டெடுத்ததை முன்பெல்லாம் போனில் சொல்வார்கள். புது நிர்வாக மேலாளர் வந்தபின் எல்லாவற்றுக்கும் வாட்ஸப் குரூப் என்றாகிவிட்டது. டாக்டர்கள், நர்சுகள், வார்டுப் பொறுப்பாளர்கள், சலவைக்காரர்கள் எல்லோரும் அதில் உண்டு. குரல் பதிவு மட்டும் கூடாது. ஒவ்வொருவர் குரலையும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கத் தனக்கு நேரமில்லை, எழுத்தில் இருந்தால்தான் ஆதாரம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மேசையக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதன்பிறகு அவள் எழுதியதெல்லாம் கையெழுத்து ஒன்றுதான். கல்லூரியில் கணக்குப் படிக்கும் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போனில் எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று காட்டிக்கொடுத்தாள். பெரிய றா எங்கே, சின்ன னா எங்கே என்பதெல்லாம் அம்மாவுக்கு இரண்டாம் பட்சம். சொல்ல வந்தது திரையில் வந்துவிட்டால் போதும். 'பல்செடு கெடச்சிது ஆம்பள வாடு' என்று அவள் முதலில் போட்டபோது, அடுத்த நிமிஷமே வார்டிலிருந்து ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனார்கள். தான் எழுதியதை நாலு பேர் படிக்கிறார்கள், படித்துவிட்டு ஓடிவருகிறார்கள் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லப் பழகினாள். யாரோ ஒரு அம்மாளின் மோதிரம் கிடைத்தபோது 'மோதரம் பத்தரமா இருகு பயபட வேனாம்' என்று எழுதினாள். அந்த அம்மாளின் மகன் நேரில் வந்து கைகூப்பினான். அன்று யாருக்கும் அவள் தமிழில் குறை தெரியவில்லை. தங்கத்துக்கு எழுத்துப்பிழை கிடையாது போலிருக்கிறது.

அவளுக்கு எதிர்ப்பக்கம் நின்று துணி பிரிப்பவள் நெட்டை. பெயருக்கேற்ற உயரம். மேசைக்காகக் குனிந்து குனிந்து முதுகே கேள்விக்குறியாகிவிட்டது என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள். பிள்ளை பெற்று ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் அறை நிழலுக்கு வருவாள். நெட்டை கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு ஓடுவாள்.

அன்று காலை அவிழ்த்த மூட்டையில் எந்த வார்டு என்று காட்டும் சீட்டு இல்லை. நெட்டை விரிப்பை உதறினாள். சுருக்கென்று கையை இழுத்தாள். நடுவிரலில் ஊசி நின்றது. வெறும் ஊசியும் இல்லை. பின்னால் குழாய், குழாய்க்குள் ஒரு விரற்கடை அளவுக்கு யாருடைய ரத்தமோ இருந்தது.

நெட்டை விரலைக் குழாய்த் தண்ணீரில் காட்டியபடி, ஊசி குத்துவது நமக்குப் புதுசா அக்கா, விடுங்க என்றாள். மேசையக்கா விடவில்லை. அவளை இழுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் மேலாளர் கடிதம் வேண்டும் என்றார்கள். மேலாளர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த ஆள், ஐயா கூட்டத்தில் இருக்கிறார், எதுவாக இருந்தாலும் குரூப்பில் போடுங்கள், பார்த்துச் சொல்வார் என்றான். மேசையக்கா அந்த வாசலிலேயே நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எழுதினாள்:

'நேட்டைகு ஊசி குத்திடிச்சி ஊசில ரத்தம் இருகு கைகொழந்தகாரி யாராவது டாக்டறு சீகரம் பாருங்க'

இதில் புரியாதது என்ன இருக்கிறது? யாருக்கு, என்ன, எவ்வளவு அவசரம் என்று ஒரே வரியில் இருக்கிறது. ஆனால் முதல் பதில் எலும்பு டாக்டரிடமிருந்து வந்தது. 'டாக்டர் வரலாம். டாக்டறு எங்கிருந்து வருவார்?' அதன் பின்னால் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் மூன்று. பிறகு வரிசை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு நர்சு, 'டாக்டறுக்கு வல்லினம், எனக்கு இடையினம் போதும்' என்றாள். ஆய்வகத்திலிருந்து ஒருவர் தமிழன்னைக்கு அவசர சிகிச்சை தேவை என்றார். மேலாளரும் கூட்டத்தில் இருந்தபடியே ஒரு சிரிப்பு முகம் போட்டார். ஊசி குத்தினால் முதல் மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் குரூப்பில் இருந்த பாதிப் பேருக்கு மனப்பாடம். பரீட்சையில் எழுதித் தேர்ச்சி பெற்றவர்கள். அவர்கள் கண்ணில் ஊசி படவில்லை, றகரம்தான் பட்டது.

பிழையில்லாமல் எழுதுவது நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? மருந்துப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஆளே போய்விடுவான். ஆனால் இங்கே பிழை ஆளைப் பார்த்துத்தான் பிழையாகிறது. மேலாளர் வாராவாரம் போடும் அறிவிப்பில் 'அணைவரும் தவராமல் வறவும்' என்று இருக்கும். அதற்குக் கீழே கட்டைவிரல்கள் அணிவகுக்கும். நன்றி சார், சிறப்பு சார். மேலே இருப்பவன் தப்பாக எழுதினால் அது அவசரம். கீழே இருப்பவள் தப்பாக எழுதினால் அது அவள் யோக்கியதை.

மதியம் மேலாளர் அறைக்குள் விட்டார்கள். அவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கடிதம் கொடுப்பது, மேலிடத்தில் கேட்டால் இதையா காட்டுவது, ஒழுங்காக எழுதிப் போடுங்கள் பார்க்கலாம் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் மேசையக்காவுக்கு ஆறவில்லை.

வீடு என்பது ஓர் அறையும், திரை போட்டுப் பிரித்த சமையல் மூலையும். அவள் போனபோது மகள் கட்டிலில் குப்புறப் படுத்து, போனைப் பார்த்து உடம்பு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதைப் பாரேன். எங்க காலேஜ் குரூப்ல வந்துச்சு. யாரோ ஒரு அம்மா, டாக்டறாம்."

மேசையக்கா பார்த்தாள். அனுப்பியவர் பெயரை வெட்டியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"அந்த அம்மா நான்தான்."

மகள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு அவள் முகத்தில் போக இடமில்லாமல் நின்றது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நான் எழுதிக் குடுத்திருப்பேனே," என்றாள்.

"விரல்ல ரத்தம் சொட்டுது. அவளை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, உனக்குப் போன் போட்டு, எந்த றானா போடணும்னு கேக்கணுமாடி?"

மகள் எழுந்தாள். விளக்கைப் போட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள், எழுதியதைத் திருத்தினாள், படித்துக் காட்டினாள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று மேசையக்காவுக்கே தோன்றியது. தன் வார்த்தைகள் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ உடுத்திக்கொண்டு கிளம்பியது போல இருந்தன. மறுநாள் காலை வேலைக்கு நுழையும்போதே அதைக் குரூப்பில் போட்டாள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் ஒன்றும் எழுதவும் இல்லை. மேலாளரிடமிருந்து மட்டும் சாயங்காலம் வந்து பார்க்கும்படி ஆள் வந்தது.

அவர் இந்தத் தடவை கதவைச் சாத்தச் சொன்னார்.

"'உரிய பரிசோதனைக்கு உடனடியாக ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.' இது உங்க வாயில வர்ற வார்த்தையாம்மா?"

"என் பொண்ணு சரி பண்ணிக் குடுத்துச்சு சார்."

"பொண்ணா? இல்ல சங்கத்துக்காரன் எவனாவதா? வக்கீல் யாரையாவது பார்த்தீங்களா? 'கேட்டுக்கொள்கிறோம்'னா யாரெல்லாம் சேர்ந்து கேக்குறீங்க?"

மேசையக்கா இதுவரை அந்த அறையில் சார் என்ற சொல்லைத் தவிர எதையும் நிமிர்ந்து சொன்னதில்லை.

"நேத்து தப்பா எழுதினேன்னு சிரிச்சீங்க. இன்னைக்குச் சரியா எழுதினா, எவன் எழுதிக் குடுத்தான்னு விசாரிக்கிறீங்க. நான் எப்படி எழுதினா சார் அவ விரலைப் பார்ப்பீங்க?"

பேச்சை வளர்க்காதீர்கள் என்றார். விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மறுநாள் அவருக்கு வார விடுமுறை. அவர் கையெழுத்தை வேறு யாரும் போட முடியாதாம். மேசையக்கா நெட்டையை அழைத்துக்கொண்டு வெளியே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாள். எந்த வார்டு, யாருடைய ஊசி என்று தெரிய வேண்டும், மருந்தும் எங்களிடம் இல்லை, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்குமே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடிதம் நாலாம் நாள் வந்தது. அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அவள் அந்தக் குரூப்பில் இல்லை. எப்போது குத்தியது என்று கேட்டாள். சொன்னார்கள். பேனாவைக் கீழே வைத்தாள். எச்.ஐ.வி. தொற்றாமலிருக்கக் கொடுக்கும் மருந்தை மூன்று நாளுக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும், முதல் மணி நேரத்திலேயே கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, இனிமேல் கொடுத்துப் பயனில்லை என்று நிதானமாகச் சொன்னாள். இப்போது ரத்தம் எடுத்தாலும் உடனே எதுவும் தெரியாது, சில வாரம் கழித்து ஒரு முறை, மாதங்கள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். நெட்டைக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"பால் குடுக்கலாமா மேடம்?"

டாக்டரம்மா முதலில் மேசையக்காவைப் பார்த்தாள். பிறகு, தெரியும்வரை நிறுத்திவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு என்றாள். நேற்றும் முந்தாநாளும் கொடுத்தது பற்றி நெட்டை கேட்கவில்லை.

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. நடந்ததெல்லாம் தகவல் தொடர்புக் குறைபாடு என்று கண்டுபிடித்தது. கெட்டியான கையுறை வந்ததா? இல்லை. சீட்டில்லாத மூட்டையை அனுப்பிய வார்டு எது என்று கேட்டார்களா? இல்லை. சலவைப் பிரிவுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு வந்தது. 'பிழையின்றி எழுதுவோம்' என்று அச்சடித்த தட்டியோடு வந்தது. தகர மேசையைத் துடைத்து, அதற்கு எதிரே நாற்காலி போட்டு, மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். நல்ல பெண். ஒருமையில் பேசவில்லை. எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிட்டாள்.

"நாம சரியா எழுதினா மத்தவங்க நமக்குக் குடுக்கிற மரியாதை தானா கூடும்க்கா," என்று தொடங்கினாள்.

மேசையக்கா கையைத் தூக்கினாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேம்மா. நான் அன்னைக்குப் போட்டது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுக்கா. ஆனா..."

"உனக்கே புரிஞ்சுதுன்னா டாக்டருங்களுக்கும் புரிஞ்சுதானே இருக்கும்?"

"புரிஞ்சிருக்கும்."

"புரிஞ்சவங்க ஏம்மா வரல?"

அந்தப் பெண் தட்டியைப் பார்த்தாள். தனக்குக் கொடுத்த வேலை இது ஒன்றுதான், மற்றது மேலே உள்ளவர்கள் விஷயம் என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, எல்லோரும் போனை எடுங்கள், ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்போம் என்றாள். சலவைக்காரர்கள் எடுத்தார்கள். எடுக்காவிட்டால் வருகைப் பதிவு கிடையாது.

மேசையக்கா போனைக் கையில் வைத்திருந்தாள். எழுதவில்லை. அவள் குரூப்பில் எழுதுவதை விட்டு நாளாகிவிட்டது. இப்போது விரிப்பில் என்ன கிடைத்தாலும் ஒரு வாளியில் போட்டு வைப்பாள். தேடி வருகிறவர்கள் தேடிக்கொள்ளட்டும். போன வாரம் ஒரு கிழவர் பல் இல்லாமலே வீட்டுக்குப் போனார் என்று சொன்னார்கள். பாவம்தான். அவருக்காக வருத்தப்பட்டாள். எழுதத்தான் கை வரவில்லை.

அப்போது நெட்டை எழுந்தாள். மதியச் சாப்பாட்டு நேரமாகியிருந்தது. குழந்தைக்கு இப்போது புட்டிப்பால். மாமியார் குழந்தையை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ஆனால் உடம்புக்கு அது தெரியாதே. நேரமானால் அது தன் வேலையைச் செய்கிறது. நெட்டை நனைந்த ரவிக்கை மேல் துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், கழுவு தொட்டி இருக்கும் மூலைக்குப் போனாள்.

"அந்த அக்கா எழுதவே இல்லையே, எங்க போறாங்க?" என்று கேட்டாள் வகுப்பெடுத்த பெண்.

மூலையில் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பால் பீய்ச்சும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று நெட்டை தினமும் அப்படித்தான் குழாயை முழுக்கத் திறந்துவிடுவாள்.